காணாமல் போன மூன்றாவது காது: தேய்ந்த லிமிடெட் ஸ்லிப் டிஃப்ரென்ஷியலை வீட்டில் பிரித்துக் கட்டிய நிகழ்வு ஆய்வு

வண்டி ஒரு பிக்கப். பின்னச்சு ஒரே துண்டான திட அச்சு, பட்டை ஸ்பிரிங், டிரம் பிரேக். ஓடியது 1,60,000 கி.மீ. ஈரமண் ஏற்றம் ஒன்றில் ஏறும்போது வலது பின்சக்கரம் மட்டும் சுழன்று சேற்றை வாரியடித்தது. இடது சக்கரம் அசையவில்லை. டிஃப்ரென்ஷியல் என்பது எஞ்சின் சக்தியை இரண்டு பின்சக்கரத்துக்கும் பிரித்துத் தந்து, வளைவில் அவை வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் கியர் தொகுதி. ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதை உராய்வுத் தட்டுகளால் தடுக்கும் வகைதான் என் வண்டியிலுள்ள லிமிடெட் ஸ்லிப். அது உள்ள வண்டி அப்படி நிற்கக் கூடாது. அதைச் செய்யாமல் இருப்பதற்காகவே அந்தப் பாகம் உள்ளே இருக்கிறது.

பார்த்தவர்கள் சொன்னது ஒரே பதில்: "கிளட்ச் பிளேட் தேய்ந்திருக்கும், கிட் வாங்கி மாற்றிவிடு." டிஃப்ரென்ஷியலுக்குள் இருக்கும் அந்தத் தட்டுகள் தேய்ந்திருந்தது உண்மைதான். ஆனால் கிட்டை (புதுத் தட்டுகளின் தொகுப்பை) மட்டும் மாற்றி மூடியிருந்தால் அடுத்த 30,000 கி.மீ.க்குள் அதே ஏற்றத்தில் அதே மாதிரி நின்றிருப்பேன். ஏன் தேய்ந்தது என்பதைக் கண்டுபிடித்ததுதான் இந்த வேலையில் பெரும்பங்கு. ஸ்பேனர் பிடித்த நேரத்தைவிட மைக்ரோமீட்டர் பிடித்த நேரம் அதிகம்.

வண்டி சொன்ன அறிகுறிகள்

சாதாரண டிஃப்ரென்ஷியல் இரண்டு சக்கரத்துக்கும் எப்போதும் சமமான முறுக்குவிசையைத்தான் தரும். ஒரு சக்கரம் சேற்றில் பிடிப்பில்லாமல் சுழன்றால், அதைச் சுழற்ற எவ்வளவு விசை போதுமோ அவ்வளவுதான் மறுபக்கமும் போகும். அது வண்டியைத் தள்ளப் போதாது. 1930களில் ஆட்டோ யூனியன் பந்தய வண்டிகளில் எஞ்சின் சக்தி கூடக்கூட ஒரு பின்சக்கரம் வீணாகச் சுழல்வது பெரிய தலைவலியாகி, அவற்றை வடிவமைத்த ஃபெர்டினாண்ட் போர்ஷே, கியர் தயாரிக்கும் இசட்.எஃப். நிறுவனத்திடம் தீர்வு கேட்டுப் போய் நின்றதற்கும் இதுதான் காரணம்.

தட்டு வகை லிமிடெட் ஸ்லிப்பில், சக்கரத்துக்குப் போகும் ஆக்ஸிலைச் (அச்சுத்தண்டை) சுழற்றும் சைடு கியர்கள் இரண்டு; ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு தட்டு அடுக்கு இருக்கும். உராய்வுத் தட்டுகளின் உள்விளிம்புப் பற்கள் சைடு கியரின் கழுத்தில் மாட்டும். எஃகுத் தட்டுகளுக்கு வெளியே காதுகள் உண்டு; அவை கேஸின் (இவை எல்லாவற்றையும் உள்ளே வைத்துச் சுழலும் கூட்டின்) பள்ளங்களில் உட்காரும். நடுவில் எஸ் வடிவ ஸ்பிரிங் ஒன்று இரண்டு சைடு கியரையும் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். எஞ்சின் இழுக்கும்போது, இரண்டு சைடு கியருக்கும் நடுவே அவற்றோடு பல் கோத்திருக்கும் ஸ்பைடர் கியர்களின் சாய்ந்த பற்களும் சைடு கியர்களை வெளியே தள்ளும். எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவு இறுக்கம். அந்த இறுக்கத்தில் ஒரு சைடு கியர் மட்டும் தன்னிஷ்டத்துக்கு ஓடிவிட முடியாது.

என் வண்டியில் இது எப்போது கெட ஆரம்பித்தது என்று பின்னோக்கிப் பார்த்தேன். 40,000 கி.மீ.க்கு முன் நானே பின்னச்சு ஆயிலை மாற்றினேன். பின்னச்சுக் கியர்களுக்கான ஜி.எல்-5 தர ஆயில்தான், நல்லதுதான். ஆனால் லிமிடெட் ஸ்லிப்புக்கு வேண்டிய உராய்வு மாற்றித் திரவத்தைச் சேர்க்கவில்லை. சில வாரங்களில், ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துத் திரும்பும்போது பின்னாலிருந்து கடகடவென்று ஓர் அதிர்வு வந்தது. இரண்டு ஆண்டுகள் அப்படியே ஓட்டினேன். பிறகு ஒருநாள் அது தானாகவே நின்றுவிட்டது. சரியாகிவிட்டது என்று நினைத்து மகிழ்ந்தேன்.

கடகடச் சத்தம் தானாக நின்றால் அது குணமானதற்கு அடையாளம் இல்லை. பிடிப்பதற்குத் தட்டில் ஒன்றும் மிச்சமில்லை, அதனால் சத்தமும் இல்லை. இதைப் படிக்கிற யாருக்காவது இதே அனுபவம் இருந்தால் அடுத்த ஓய்வுநாளில் கீழே சொல்லும் சோதனையைச் செய்து பாருங்கள்.

பிரிக்கும் முன் அளந்தது

கியரை நியூட்ரலில் போட்டு, கைப்பிரேக்கை விட்டு, முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கி ஸ்டாண்டில் வைத்தேன். சக்கரத்தைக் கழற்றி, ஹப்பின் நட்டுக்கால்களில் ஒரு தகட்டை மாட்டி, அதன் நடுவில் டார்க் ரெஞ்சைப் பொருத்தித் திருப்பினேன். மறுசக்கரம் தரையில் இருப்பதால் இந்தச் சக்கரம் திரும்ப வேண்டுமானால் தட்டுகள் வழுக்கியே ஆக வேண்டும். எந்த விசையில் வழுக்கத் தொடங்குகிறது என்பதுதான் அளவு. 'டிக்' என்று சொல்லும் ரெஞ்ச் இதற்கு உதவாது. முள் ஆடும் வகை வேண்டும்.

கையேடு கேட்டது குறைந்தது 27 நியூட்டன் மீட்டர். எனக்குக் கிடைத்தவை 8, 9, 9.

ஒரு எச்சரிக்கை. ஒரு சக்கரம் மட்டும் தூக்கியிருக்கும்போது எஞ்சினைப் போட்டுக் கியரில் சோதிக்கவே கூடாது. லிமிடெட் ஸ்லிப் கொஞ்சம் உயிரோடு இருந்தாலும் தரையிலுள்ள சக்கரம் பிடித்து, வண்டி ஸ்டாண்டிலிருந்து குதித்துவிடும்.

அடுத்தது டயர். 25,000 கி.மீ.க்கு முன் இடது பின் டயரின் பக்கச்சுவர் கிழிந்து அதை மட்டும் புதிதாக மாற்றியிருந்தேன். அளவு ஒன்றுதானே என்று வலதை விட்டுவிட்டேன். இப்போது இரண்டிலும் காற்றைச் சமமாக்கி, டயரிலும் தரையிலும் சாக்பீஸ் கோடு போட்டு, வண்டியை நேராகத் தள்ளி ஐந்து சுற்று உருட்டினேன். இடது 11.05 மீட்டர் போயிருந்தது. வலது 10.89. ஒரு சுற்றுக்கு 32 மி.மீ. வித்தியாசம்.

கணக்கு போட்டால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் வலது சக்கரம் இடதைவிட 6.6 சுற்று அதிகம் சுற்றுகிறது, அதுவும் நேர்ச்சாலையில். 25,000 கி.மீ.க்கு 1,65,000 சுற்று. அதில் பாதி ஒரு பக்கத் தட்டிலும் பாதி மறுபக்கத் தட்டிலும் வழுக்கலாகப் போயிருக்கும். வளைவில் மட்டும் கொஞ்சம் வழுக்க வேண்டிய தட்டுகள் ஓயாமல் வழுக்கிக்கொண்டே இருந்திருக்கின்றன. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் அந்த வழுக்கல் நிமிடத்துக்கு மூன்று சுற்றுச் சொச்சம்தான். அவ்வளவு மெதுவாக வழுக்குவதுதான் தட்டுக்கு மிகக் கெட்டது.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். உராய்வு மாற்றி இல்லாத ஆயிலில், நின்றிருக்கும் தட்டை நகர்த்தத் தேவைப்படும் உராய்வு, ஓடிக்கொண்டிருக்கும் தட்டின் உராய்வைவிட அதிகம். அதனால் தட்டு ஒட்டும், திடீரென விடும், மறுபடி ஒட்டும். வேகமாக வழுக்கும்போது ஒட்ட நேரமிருக்காது. மெதுவாக வழுக்கும்போது ஒவ்வொரு முறையும் ஒட்டி ஒட்டி விடும். அந்த ஒவ்வொரு விடுதலும் எஃகுத் தட்டின் காதை கேஸின் பள்ளச் சுவரில் ஒரு சுத்தியல் அடி அடிக்கும். உராய்வு மாற்றியிலுள்ள மூலக்கூறுகள் உலோகப் பரப்பில் ஒட்டிக்கொண்டு அந்தத் தொடக்க உராய்வைக் குறைக்கின்றன. அதன் வேலை அவ்வளவுதான். அந்தச் சின்னப் புட்டியைத்தான் நான் ஊற்றாமல் விட்டேன்.

மூடியைத் திறந்தபோது

பின்மூடியின் போல்ட்களைத் தளர்த்தி அடிப்பக்கத்தை நெம்பினால் ஆயில் வடியும். கறுத்திருந்தது. எரிந்த வாடை லேசாக. மூடியின் உள்ளே காந்தம் இருந்தது. அதில் சாம்பல்நிறக் கூழ். அந்தக் கூழ் எல்லா வண்டியிலும் இருக்கும், பயப்பட ஒன்றுமில்லை. விரலால் வழித்தபோது ஏதோ உறுத்தியது. துடைத்துப் பார்த்தால் இரண்டு எஃகுத் துண்டுகள். ஒன்று சுண்டுவிரல் நகத்தில் பாதி, இன்னொன்று அதைவிடச் சற்றுச் சிறியது.

கிரவுன், அதாவது பினியன் என்னும் சிறு கியர் சுழற்ற, கேஸைச் சுழற்றும் பெரிய கியர், அதன் பல் உடைந்துவிட்டது என்றே நினைத்தேன். அப்படியென்றால் கிரவுன், பினியன் இரண்டையும் மாற்ற வேண்டும்; வீட்டில் செய்யும் வேலையே இல்லை என்று மனம் தளர்ந்தது. அன்றைக்கு உதவிக்கு வந்திருந்த மச்சான் லேத் வேலை பார்ப்பவர். துண்டை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மாப்ள, இது பல்லு இல்ல. பல்லு உடைஞ்சா அந்த எடம் மணல் மாதிரி சொரசொரன்னு இருக்கும். இதுல ரெண்டு முகமும் தட்டையா இருக்கு பாரு. ஓரம் பிரஸ்ல வெட்டினது. தகடு இது."

மைக்ரோமீட்டரில் கனத்தை அளந்தார். 1.75 மி.மீ. இரண்டாவது துண்டும் 1.75. ஒரே கனத்தில் இரண்டு பல் துண்டு உடையாது. இது எஃகுத் தட்டின் காது என்று கேஸைத் தொடும் முன்பே தெரிந்துவிட்டது. அந்த ஐந்து நிமிடம் எனக்கு ஒரு கிரவுன்-பினியனை மிச்சப்படுத்தியது. இருந்தாலும் கிரவுனின் எல்லாப் பற்களையும் டார்ச் அடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சுத்தம்.

கிரவுன் பேக்லாஷை (பினியன் பல்லோடு அதற்கு இருக்கும் சின்ன ஆட்டத்தை) டயல் கேஜில் நான்கு இடங்களில் அளந்தேன்: 0.27 முதல் 0.29 மி.மீ. வரை. கையேடு அனுமதிப்பது 0.20 முதல் 0.38. நன்றாக இருந்தது. நன்றாக இருப்பதைத் தொடக் கூடாது. அதனால் டிஃப்ரென்ஷியல் கேஸை அச்சுக் கூட்டிலிருந்து கழற்றாமல், உள்ளேயே வைத்து, அதன் ஜன்னல் (பக்கத் திறப்பு) வழியாகத் தட்டுகளை மாற்றுவது என்று முடிவு செய்தேன். கேஸை வெளியே எடுத்தால் கையும் கண்ணும் தாராளமாகப் போகும் என்பது மெய். ஆனால் பக்க பேரிங் ஷிம்கள் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய வளையங்கள்), பேரிங் இறுக்கம், பற்களின் பதிவு என்று மூன்று புதிய வேலைகள் தலையில் ஏறும். பேரிங் சத்தமும் இல்லை, ஆட்டமும் இல்லை எனும்போது அது தேவையற்ற ஆபத்து. எல்லா அச்சிலும் இப்படி முடியாது. சைடு கியர் ஜன்னல் வழியாக வெளியே வரும் அமைப்பாக இருக்க வேண்டும்.

பிரித்தல்

இரண்டு பக்கமும் ஸ்டாண்டில் ஏற்றி, டிரம்களைக் கழற்றி, ஸ்பைடர் ஷாஃப்டைப் பிடித்திருக்கும் சிறிய பூட்டு போல்ட்டை எடுத்தேன். இந்த போல்ட் சில வண்டிகளில் உள்ளேயே முறிந்து உயிரை வாங்கும். நல்ல ஆறுமூலை சாக்கெட் போட்டு, சாய்க்காமல், பொறுமையாகத் திருப்பினேன். முழுதாக வந்தது. ஷாஃப்டை வெளியே தள்ளி, ஆக்ஸில்களை உள்நோக்கி அழுத்தினால் முனையிலுள்ள சி-கிளிப் கையோடு வந்துவிடும். பிறகு ஆக்ஸில்களை வெளியே இழுக்கலாம்.

எஸ் ஸ்பிரிங்கை எடுக்கும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். அது இறுக்கத்தோடு உட்கார்ந்திருக்கிறது. ஜன்னலுக்கு நேரே முகத்தை வைக்காமல், ஒரு கனத்த துணியை எதிர்ப்புறம் பிடித்து, பித்தளை உளியால் தட்டித் தட்டி வெளியேற்றினேன். பிறகு ஒரு சைடு கியரைத் திருப்பினால் ஸ்பைடர் கியர்கள் இரண்டும் ஜன்னலுக்கு நடந்து வரும். அவற்றின் பின்னுள்ள வாஷர்களோடு எடுத்துவிடலாம். கடைசியாகச் சைடு கியர், தட்டடுக்கு, ஷிம். ஒவ்வொரு அடுக்கையும் வெளியே வந்த வரிசையிலேயே கம்பியில் கோத்து, 'இடது', 'வலது' என்று சீட்டு கட்டினேன்.

ஒவ்வொரு பக்கமும் மூன்று உராய்வுத் தட்டு, நான்கு எஃகுத் தட்டு. அளந்ததில் வந்தது இது. புதிய கிட்டில் உராய்வுத் தட்டு 2.15, எஃகுத் தட்டு 1.78, அடுக்கு மொத்தம் 13.57 மி.மீ. என் இடது அடுக்கு 13.26. வலது 12.75.

இந்த இரண்டு எண்களைப் பார்த்துத்தான் நான் வேலையை நிறுத்தி யோசித்தேன். இடது 0.31 தேய்ந்திருக்கிறது, வலது 0.82. இது நடக்கக் கூடாது. டயர் வித்தியாசம்தான் காரணம் என்றால் இரண்டும் சமமாகவே தேய்ந்திருக்க வேண்டும். கேஸோடு ஒப்பிட்டால், வலது சைடு கியர் எத்தனை சுற்று முந்துகிறதோ அதே அளவு இடது சைடு கியர் பிந்தும். டிஃப்ரென்ஷியலின் அமைப்பே அதுதான். வேறு வழி இல்லை. ஸ்பிரிங் தரும் அழுத்தமும் இரண்டு பக்கமும் ஒன்றே. ஒரே வழுக்கல், ஒரே அழுத்தம், ஒரே ஆயில். அப்படியும் ஒரு பக்கம் இரண்டரை மடங்குக்கு மேல் தேய்ந்திருக்கிறது என்றால், அந்தப் பக்கத்தில் மட்டும் வேறு ஏதோ இருந்திருக்கிறது.

வலது அடுக்கைத் தட்டுத் தட்டாகப் பிரித்தேன். சைடு கியர் பக்கத்திலிருந்து எண்ணினால் மூன்றாவது எஃகுத் தட்டில் நான்கு காதில் ஒன்றுதான் மிச்சம். அதுவும் வளைந்திருந்தது. தட்டின் முகம் நீலம் பாய்ந்து, வட்ட வட்டமாகக் கீறல்.

மூன்று காது உடைந்திருக்கிறது. காந்தத்தில் இருந்தது இரண்டு.

அந்த மூன்றாவது துண்டைக் கண்டுபிடிக்காமல் மூடியை மூட எனக்கு மனம் வரவில்லை. அது பேரிங்கில் போய் மாட்டினால் இவ்வளவு வேலையும் பாழ். அச்சுக் குழாய்கள் இரண்டிலும் காந்தக் குச்சியை விட்டுத் துழாவினேன். மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவி வடித்ததை வெள்ளைத் துணியில் பரப்பிப் பார்த்தேன். பினியன் பேரிங் பக்கம் போகும் ஆயில் வழியில் கண்ணாடி வைத்துத் தேடினேன். கிடைக்கவில்லை. ஒரு மாலைப்பொழுது முழுக்க இப்படியே போனது.

மறுநாள் காலை, பழைய உராய்வுத் தட்டுகளைத் தூக்கிப் போடும் முன் ஒருமுறை பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்தேன். வலது அடுக்கின் மூன்றாவது உராய்வுத் தட்டில், கறுத்த லைனிங்குக்கு நடுவே அரிசியின் நீளத்தில் ஏதோ மின்னியது. நகத்தால் தடவினால் உறுத்தவில்லை. லைனிங்கோடு லைனிங்காக அமுங்கி மட்டமாகியிருந்தது. ஊசியால் நெம்பினேன். காகிதம் போல மெலிந்த எஃகுச் சில்லு. காது உடைந்து இரண்டு தட்டுக்கும் நடுவில் புகுந்து, அரைபட்டு அரைபட்டு, கடைசியில் லைனிங்கில் பதிந்துவிட்டிருக்கிறது. அதற்கு எதிரே இருந்த எஃகுத் தட்டில் அதே ஆரத்தில் ஆழமான பள்ளம். வலது பக்கம் மட்டும் ஏன் அவ்வளவு தேய்ந்தது என்பதற்குப் பதில் கையில் இருந்தது.

இனி வரிசை தெளிவு. உராய்வு மாற்றி இல்லாத ஆயில் தட்டை ஒட்டி விட வைத்தது. டயர் வித்தியாசம் அதை நேர்ச்சாலையிலும் ஓயாமல் நடக்கச் செய்தது. அந்த அடியில் காதுகள் களைத்து உடைந்தன. உடைந்த துண்டு வலது அடுக்கைத் தின்றது. தேய்ந்த அடுக்கில் ஸ்பிரிங் தளர்ந்தது. கிட்டை மட்டும் மாற்றியிருந்தால் இந்த வரிசையின் கடைசிக் கண்ணியை மட்டும் மாற்றியிருப்பேன்.

கேஸின் பள்ளங்கள்

காது உடையும் அளவுக்கு அடி விழுந்தால் எதிரிலிருந்த பள்ளச் சுவரும் அடி வாங்கியிருக்கும். டார்ச் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியவில்லை. நகத்தை மேலிருந்து கீழே இழுத்தபோது வலது பக்கத்தில் இரண்டு பள்ளங்களில் நகம் தடுக்கியது. தட்டின் கனத்துக்கு ஒரு சிறிய படி விழுந்து, விளிம்பில் பிசிறு எழும்பியிருந்தது. புதுத் தட்டை உள்ளே விட்டால் அந்த இடத்தில் தொற்றிக்கொண்டு நின்றது.

இதை விட்டுவிட்டு மூடுகிறவர்கள் உண்டு. தட்டுகள் பள்ளத்தில் தாராளமாக உள்ளும் வெளியும் நகர்ந்தால்தான் அழுத்தம் எல்லாத் தட்டுக்கும் ஒரே மாதிரி போகும். ஒரு தட்டு தொங்கி நின்றால் அதற்கு அப்பாலுள்ள தட்டுகள் வேலை செய்யாது. பேரிங் பக்கம் ஈரத்துணியால் அடைத்து, பக்கத்தில் ஒரு காந்தத்தை வைத்து, மெல்லிய அரத்தால் பிசிறை மட்டும் எடுத்தேன். சுவரை மட்டமாக்க முயலவில்லை. அப்படிச் செய்தால் காதுக்கு ஆட்டம் கூடும். புதுத் தட்டு தன் எடையாலேயே சறுக்கி இறங்கியதும் நிறுத்திக்கொண்டேன்.

ஸ்பைடர் ஷாஃப்டில் கியர் உட்காரும் இடத்தில் நகம் தடுக்கவில்லை, மைக்ரோமீட்டரிலும் 0.02 மி.மீ.தான். பழையதே போட்டேன். ஸ்பைடர் வாஷர்கள் புதிது. ஆக்ஸிலில் உருளை பேரிங் நேரடியாக ஓடும் வளையம் இரண்டிலும் வழவழப்பாக இருந்தது. அங்கே குழி விழுந்திருந்தால் ஆக்ஸிலையே மாற்ற வேண்டும்.

ஷிம் கனம்: ஒரு தவறான முயற்சி

பழைய ஷிம் இரண்டும் 0.76 மி.மீ. புது அடுக்கோடு அதே கனம் போட்டால் தொழிற்சாலை அளவு கிடைக்கும். ஆனால் வலது பக்கம் கேஸ் அடி வாங்கியிருக்கிறதே என்று 0.89 போட்டுப் பார்த்தேன். கொஞ்சம் இறுக்கமாக இருந்தால் நீண்டநாள் வரும் என்ற ஆசையும் சேர்ந்துகொண்டது. ஸ்பைடர் கியர்கள் உள்ளே நடக்க மறுத்தன. நெம்பி ஏற்றியபோது பல்லோடு பல் மோதி நின்றது. திருப்பினால் ஒவ்வொரு பல்லும் கையில் தெரிந்தது.

சைடு கியருக்கும் ஸ்பைடருக்கும் இடையே கொஞ்சம் இடைவெளி வேண்டும். ஷிம்மைத் தடிமனாக்கினால் அந்த இடைவெளியைத்தான் தின்கிறோம். இறுக்கம் ஸ்பிரிங்கிலிருந்து வர வேண்டும், பல் நெருக்கத்திலிருந்து வரக் கூடாது. கழற்றி 0.76-க்கே திரும்பினேன்.

அப்போதும் புதுத் தட்டுகளோடு ஸ்பைடர்களை ஏற்றுவது கடினமாகத்தான் இருந்தது. இரண்டு சைடு கியருக்கும் நடுவில் ஒரு போல்ட், நட்டு, இரண்டு அலுமினியத் துண்டு வைத்து நட்டைத் திருப்பி வெளிப்புறமாக அழுத்தினேன். அடுக்கில் தேங்கிய திரவம் பிதுங்கி வெளியேறி, தட்டுகள் அமர்ந்தன. கருவியை எடுத்த கையோடு ஸ்பைடர்களை ஒன்றுக்கொன்று நேரெதிராக வைத்துத் திருப்பியதும் இடத்துக்குப் போய் உட்கார்ந்தன. உராய்வுத் தட்டுகளை முந்தைய இரவே உராய்வு மாற்றியில் ஊறவைத்திருந்தேன். வறண்ட தட்டைப் போட்டு ஓட்டினால் முதல் சில வளைவுகளிலேயே லைனிங் கருகிவிடும்.

எஸ் ஸ்பிரிங்கும் பூட்டு போல்ட்டும் புதிது. போல்ட்டுக்குத் திருகுப் பசை. பேக்லாஷை மறுபடி அளந்தேன்: அதே 0.27 முதல் 0.29. கேஸை அசைக்கவில்லை என்பதற்குச் சான்று. மூடிக்கு சிலிக்கோன் பசை தடவி, கெட்டியாகும்வரை காத்திருந்து, முதலில் உராய்வு மாற்றி 118 மில்லி, அதன் மேல் ஆயில்.

ஓட்டியதும் மறுபடி கழற்றியதும்

பிரிக்கும் முன் டார்க் ரெஞ்சில் அளந்த அதே சுழற்சி விசை, முதல் அளவில் 82 நியூட்டன் மீட்டர். கையாலேயே 50 சுற்று சுற்றியபின் 71. இரண்டு பக்கத்திலும் வித்தியாசமின்றி, விட்டு விட்டு இழுக்காமல், வெண்ணெயில் கத்தி போவது போல ஒரே சீராக நகர்ந்தது. எண்ணைவிட இந்தச் சீர்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது.

வெறும் மைதானத்தில் இடப்பக்கம் பத்து வட்டம், வலப்பக்கம் பத்து வட்டம், நடந்து போகும் வேகத்தில். முதல் மூன்று வட்டத்தில் லேசான முனகல், பிறகு அதுவும் இல்லை.

இரண்டாம் நாள் இடது டிரம்மில் ஆயில் வாடை. ஆயில் வெளியே வராமல் தடுக்கும் ஆக்ஸில் சீல் கசிந்திருந்தது. தவறு என்னுடையது. ஆக்ஸிலைத் திரும்ப ஏற்றும்போது எடையைத் தாங்காமல் விட்டதில் அதன் முனைப் பற்கள் புது சீலின் உதட்டைக் கிழித்திருக்கின்றன. மூடியைத் திறந்து, ஷாஃப்டையும் சி-கிளிப்பையும் எடுத்து, புது சீல் அடித்தேன். ஆயில் குடித்த பிரேக் ஷூவைக் கழுவிப் போடக் கூடாது. அந்த அச்சின் இரண்டு பக்கமும் புதிதாக மாற்றினேன். இம்முறை ஆக்ஸில் முனையில் வழவழப்பான பிளாஸ்டிக் உறையைச் சுற்றி, மச்சான் வெளியே எடையைத் தாங்க, நான் உள்ளே வழிகாட்ட, சீலைத் தொடாமல் போனது. முதல் தடவையே இரண்டு பேராகச் செய்திருக்க வேண்டிய வேலை.

பின் டயர் இரண்டையும் ஒரே நாளில் ஒரே வகையாக மாற்றினேன். சாக்பீஸ் சோதனையில் ஐந்து சுற்றுக்கு வித்தியாசம் 1 செ.மீ.க்கும் குறைவு.

500 கி.மீ.யில் ஆயிலை மாற்றினேன். காந்தத்தில் மெல்லிய கூழ் மட்டும். விரலுக்கு எதுவும் உறுத்தவில்லை. பேரிங் சத்தத்துக்காக அந்த 500 கி.மீ.யும் ஜன்னலைத் திறந்து வைத்தே ஓட்டினேன். எதுவும் கேட்கவில்லை. அப்போது சுழற்சி விசை 58. 5,000 கி.மீ.யில் 52. கையேடு கேட்கும் 27-க்கு இன்னும் வெகு தூரம்.

மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் அதே ஏற்றத்துக்குப் போனேன். பாதி வழியில் வலது சக்கரம் ஒரு கணம் வழுக்கியது. உடனே இடது பிடித்துக்கொண்டது. வண்டி லேசாக இடுப்பை அசைத்துவிட்டு ஏறியது. மேலே போய் இறங்கிப் பார்த்தேன். சேற்றில் இரண்டு சக்கரத்தின் தடமும் ஒரே ஆழத்தில் இருந்தது.